மூக்கு நுனியில் ஒரு நூல்: மகளின் கண் பயிற்சி, 14 மாத அனுபவம்

என் மகள் பூப்பந்து ஆடுகிறாள். இறகுப்பந்து இல்லை, மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடுவது. பள்ளி அணியில் வலைக்கு அருகே நிற்பவள். எட்டாம் வகுப்பில் திடீரென்று சுலபமான பந்தையெல்லாம் விட ஆரம்பித்தாள். பேட் சரியான இடத்துக்குத்தான் போகும், ஆனால் கொஞ்சம் முந்திப் போய்விடும். கோச் "கவனம் இல்லை" என்றார். என் அம்மா "பிள்ளைக்குக் கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடு" என்றார். மிளகாய் சுற்றியதில் பந்து ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் கோளாறு கண்ணில்தான் என்று அம்மா சொன்னது பலித்துவிட்டது.

முதலில் ஏமாந்த கதை. விளையாட்டுப் பிள்ளைகளுக்குக் கண் பயிற்சி என்று விளம்பரம் பார்த்து ஓர் இடத்தில் 18,000 ரூபாய் கட்டினேன். சுவரில் பலகை, அதில் மினுக்கும் விளக்குகள், எரிவதைத் தட்டி அணைக்க வேண்டும். ஆறு வாரத்தில் அவளுடைய எண்ணிக்கை 31-லிருந்து 52 ஆனது. எனக்குப் பெருமைதான். மைதானத்தில் பந்து மட்டும் பழையபடியே விழுந்தது. பலகையைத் தட்டத் தட்ட, பலகையைத் தட்டுவது நன்றாக வரும், அவ்வளவுதான். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அபர்னெதியும் வுட்டும் 2001-லேயே இதைச் சோதித்து, இப்படிப் பொதுப்படையான கண் பயிற்சியால் ஆட்டத்தில் தனிப் பலன் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். பணம் கட்டிய பிறகுதான் படித்தேன். அதைவிட எரிச்சல், அங்கே ஒருவரும் அவள் கண்ணைச் சோதிக்கவே இல்லை.

சோதித்தது மதுரையில் ஒரு கண் மருத்துவர். பேனாவை மெல்ல மூக்கை நோக்கிக் கொண்டுவந்தார். 16 சென்டிமீட்டரிலேயே "ரெண்டாத் தெரியுது" என்றாள். ஐந்தாறு சென்டிமீட்டர் வரை ஒன்றாகத் தெரிய வேண்டுமாம். தூரப் பார்வை பிசகில்லை, கண்ணாடியும் தேவையில்லை. பக்கத்தில் வருவதைப் பார்க்க இரண்டு கண்ணும் சேர்ந்து உள்ளே திரும்ப வேண்டும், அதில்தான் தகராறு. படிக்கும்போது அவளுக்குத் தலைவலி வந்துகொண்டிருந்ததை நாங்கள் சாக்கு என்று நினைத்திருந்தோம்.

கோச்சிடம் சொன்னேன். "பட்டோடி ஒரு கண்ணை வச்சுக்கிட்டே இந்தியாவுக்குக் கேப்டனா ஆடலையா சார்?" என்றார். 1961 கார் விபத்தில் அந்தக் கிரிக்கெட் வீரருக்கு வலக்கண் பார்வை போனது நிஜம்தான். ஆனால் ஒரு கண்ணுக்குப் பழகிக்கொள்வது வேறு, இரண்டு கண்ணும் ஒன்றோடொன்று சண்டை போடுவது வேறு.

மருத்துவர் சொன்ன கண் பயிற்சிக்கு வாரம் ஒருநாள் காரைக்குடியிலிருந்து மதுரைக்கு பஸ், மற்ற நாள் வீட்டில் 15 நிமிடம். வீட்டில் செய்ய வேண்டிய முக்கியமான பயிற்சிக்குக் கருவியே ஒரு நூலும் மூன்று மணியும்தான். பிராக் நூல் என்கிறார்கள். ஒரு நுனியை வளவுத் (வீட்டு முற்றத்துத்) தூணில் கட்டினோம், மறு நுனியை அவள் மூக்கில் வைத்துக்கொள்வாள். நடுவிலிருக்கும் மஞ்சள் மணியைப் பார்த்தால் சிவப்பும் பச்சையும் இரண்டிரண்டாகத் தெரிய வேண்டும். நூலும் இரண்டாகி, மஞ்சளில் பெருக்கல் குறிபோல வெட்டிக்கொள்ள வேண்டும். கிட்ட இருக்கும் சிவப்புக்கு வந்தபோது, "அப்பா, ஒரு நூலு காணாமப் போயிருச்சு" என்றாள். பயந்து மருத்துவமனைக்குப் போன் போட்டேன். மூளை ஒரு கண்ணின் காட்சியைத் தள்ளிவிடுகிறது, கண்ணைச் சிமிட்டிவிட்டுத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார்கள். அந்த நூல் நிலைத்து நிற்க நாலு வாரம் ஆனது. முதல் மாதம் கண் வலிக்கிறது என்று தினமும் அழுகை. அம்மா வேறு, "என்ன ஆத்தா இது, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்ட மாதிரி" என்று சிரிப்பார்.

பஸ் செலவு எதற்கு, பென்சிலை மூக்கை நோக்கிக் கொண்டுவந்து பார்க்கும் பயிற்சியை வீட்டிலேயே செய்யலாமே என்று எனக்கும் தோன்றியது. இந்தக் குறையுள்ள 9 முதல் 17 வயதுப் பிள்ளைகள் 221 பேரை வைத்து அமெரிக்காவில் 12 வாரம் நடத்திய ஆய்வு 2008-ல் வெளிவந்தது. நிபுணர் முன் செய்தவர்களில் 73 சதவீதத்தினர் குணமானார்கள் அல்லது தேறினார்கள். வீட்டில் பென்சிலோடு நின்றவர்களில் 43 சதவீதத்தினர்தான். அதனால் பஸ்ஸை விடவில்லை. (அந்த ஆய்வு அளந்தது கண்ணையும் தொந்தரவுகளையும்தான், விளையாட்டை இல்லை.)

மூன்றாம் மாதம் 7 சென்டிமீட்டர், இப்போது 5. தலைவலி போனது. வலையருகே வரும் பந்தை முந்திப் போய் அடிப்பது குறைந்தது. ஆனால் வேகமாக இறங்கும் அடியை எடுக்கத் தொடங்கியது நூலால் வந்ததில்லை. தேர்ந்த கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் பந்தைக் கடைசிவரை பார்ப்பதில்லை. கையிலிருந்து விடுபடும்போது பார்த்துவிட்டு, தரையில் குத்தப்போகும் இடத்துக்குக் கண்ணை முன்னாலேயே தாவவிடுகிறார்கள் என்று 2000-ல் ஆய்வாளர்கள் லேண்டும் மெக்லாடும் அளந்து காட்டியதைக் கோச்சிடம் சொன்னேன். பட்டோடியைப் பற்றிப் பேசிய அதே மனிதர், மறுநாளிலிருந்து எதிராளியின் தோளையும் மணிக்கட்டையும் பார்த்து, பந்து வரும் பக்கத்தை முன்கூட்டியே சொல்லும் பயிற்சி வைத்தார். காசு செலவில்லை.

மினுக்கிக் கறுத்து, பார்வையை விட்டுவிட்டு மறைக்கும் பயிற்சி மூக்குக்கண்ணாடி ஒன்றும் ஆன்லைனில் வாங்கினோம். இரண்டு நாளில் தலை சுற்றியது; பெட்டியில் கிடக்கிறது. வலிப்பு வந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இப்போது வாரம் மூன்று நாள் நூல். அடுத்த சோதனை ஜூனில். அதுவரை தூணிலிருந்து அவிழ்க்கக் கூடாதென்று உத்தரவு; அம்மா அதில் துண்டு காயப்போடுகிறார்.