மச்சான் அனுப்பிய பிளாஸ்மாவும் ஸ்டுடியோ எல்சிடியும்

கல்யாண வீடியோ எடுப்பது என் பிழைப்பு. கீழக்கரையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். போன வாரம் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் வந்தான். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். "காக்கா, ராமநாதபுரத்துல ஒருத்தர் வீட்டைக் காலி பண்றார். 42 இஞ்ச் பிளாஸ்மா டிவி, 4,000 ரூபாய்க்குத் தர்றேங்கிறார். வாங்கிரவா?" என்று கேட்டான்.

சட்டென்று பதில் வரவில்லை. என்னிடம் இரண்டு ஜாதி டிவியும் இருப்பதுதான் காரணம். வீட்டில் இருப்பது மச்சான் 2010இல் துபாயிலிருந்து அனுப்பிய 42 இஞ்ச் பிளாஸ்மா. ஸ்டுடியோவில் இருப்பது 2018இல் நான் வாங்கிய 43 இஞ்ச் எல்சிடி. கடைக்காரர் அதை எல்இடி என்று சொல்லித்தான் விற்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். உள்ளே இருக்கும் பேனல் எல்சிடிதான், அதற்குப் பின்னால் எரிகிற விளக்குதான் எல்இடி.

சரி, ஒரு தடவை பக்கத்தில் வைத்தே பார்த்துவிடலாம் என்று ஸ்டுடியோ டிவியை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். நான் ஒருத்தனே தூக்கி வந்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்மாவை நகர்த்த எப்போதும் இரண்டு பேர் வேண்டும். லேப்டாப்பில் ஸ்பிளிட்டர் போட்டு, இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே படத்தை ஓடவிட்டேன். எல்லாம் நான் எடுத்த படங்கள். எது என்ன நிறத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

முதலில் ராத்திரிக் கடல். கரண்ட் போயிருந்த ஒரு இரவில் படகுத் துறையில் நின்று எடுத்தது. தூரத்தில் ஒரே ஒரு வள்ளம், அதில் ஒரு விளக்கு, அவ்வளவுதான் படம். இஷா தொழுதுவிட்டு வந்து ஹால் விளக்கை அணைத்தோம். பிளாஸ்மாவில் வானமும் கறுப்பு, கடலும் கறுப்பு. விளக்கு ஊசி முனை மாதிரி நின்றது. தண்ணீரில் அதன் வெளிச்சம் துண்டு துண்டாக உடைந்து ஆடியதுகூடத் தெரிந்தது. எல்சிடியிலும் விளக்கு இருந்தது, ஆனால் வானம் சாம்பல் பூசியது போல வெளுத்திருந்தது. டிவியைப் பற்றி ஒன்றும் தெரியாத உம்மாவே, "இதுல மட்டும் ஏன் வாப்பா புகை மூட்டம் போட்ட மாதிரி இருக்கு?" என்று கேட்டார்.

அந்தப் புகை மூட்டத்தின் காரணத்தை நான் ஒரு ரிப்பேரில்தான் புரிந்துகொண்டேன். மூன்று வருஷத்துக்கு முன் ஸ்டுடியோ டிவியில் சத்தம் வந்தது, படம் வரவில்லை. மெக்கானிக் செல்போன் டார்ச்சைத் திரையோடு ஒட்டி அடித்தார். இருட்டுக்குள்ளே படம் மங்கலாக ஓடிக்கொண்டிருந்தது! பேக்லைட் ஸ்ட்ரிப், அதாவது பின்னால் எரிகிற எல்இடி பட்டை, போய்விட்டது, பேனல் நன்றாக இருக்கிறது என்றார். எல்சிடியில் படம் தானாக ஒளிர்வதில்லை. பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், முன்னால் இருக்கும் திரவப் படிகம் தேவையான இடத்தில் மறைக்கும். எவ்வளவு மறைத்தாலும் கொஞ்சம் கசியும். எல்சிடி பேனலில் ஐபிஎஸ், விஏ என்று வகைகள் உண்டு. என்னுடையது ஐபிஎஸ் பேனல், கசிவு அதிகம். விஏ பேனலில் கறுப்பு இதைவிட நன்றாக இருக்கும், ஆனால் ஓரமாக உட்கார்ந்தால் நிறம் வெளுக்கும்.

பிளாஸ்மாவில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் நியான், செனான் வாயு அடைத்த குட்டி அறை. மின்சாரம் பாய்ந்தால் புற ஊதாக் கதிர் வரும், அது பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சில் பட்டு ஒளிரும். பாயாவிட்டால் இருட்டு. முழுக் கறுப்பு என்று சொல்ல மாட்டேன், கூர்ந்து பார்த்தால் லேசான மினுக்கம் உண்டு. அதையும் பெருமளவு அடக்கிய பிளாஸ்மா பயனியர் கம்பெனியின் குரோ. ஜப்பான் மொழியில் குரோ என்றாலே கறுப்பு. அப்படிப்பட்ட டிவியைச் செய்த கம்பெனி 2009இல் டிவி தொழிலையே விடுவதாக அறிவித்துவிட்டது.

அடுத்து பாம்பன். ரோட்டுப் பாலத்தில் நின்று, பழைய ரயில் பாலத்தின் தூண்களை இடமிருந்து வலமாகக் கேமராவைத் திருப்பி எடுத்த காட்சி. எல்சிடியில் தூண்கள் இழுபட்டு, ஓரம் கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டின. எல்சிடி ஒரு பிரேமை, அதாவது வீடியோவின் ஒரு தனிப் படத்தை, அடுத்தது வரும்வரை அப்படியே பிடித்துவைக்கிறது, நம் கண்ணோ நகர்ந்துகொண்டிருக்கிறது. பிளாஸ்மா மின்னி மின்னி அணைவதால் தூண்களை எண்ணலாம் போல இருந்தது. கிரிக்கெட்டிலும் இதே கதைதான். 2011 உலகக்கோப்பை இறுதிப் போட்டியில் தோனி அடித்த கடைசி சிக்ஸரை எங்கள் ஹாலில் அரைத் தெரு உட்கார்ந்து பார்த்தது. பந்து போன வழி முழுக்கத் தெரிந்தது.

எல்சிடி ஜெயித்த இடம் கல்யாணப் பொண்ணு. ஜரிகைச் சேலை, கையில் மருதாணி, கழுத்து நகை. பிளாஸ்மா 1024க்கு 768 புள்ளிதான், எல்சிடி 1920க்கு 1080. மூன்றடியில் நின்றால் ஜரிகை இழை எல்சிடியில் தனித்தனியாகத் தெரிகிறது. பிளாஸ்மாவில் அவ்வளவு கிட்டப் போனால் நிழல் பகுதியில் புழு நெளிவது மாதிரி புள்ளிகள் துடிக்கும். முகத்தின் நிறம் மட்டும் பிளாஸ்மாவில்தான் நான் எடுத்தபடி இருந்தது.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு எல்லாம் தலைகீழ். எங்கள் ஹாலுக்குத் தெற்கே இரண்டு ஜன்னல், அந்தப் பக்கம் கடல், வெயில் தண்ணீரில் பட்டு உள்ளே அடிக்கிறது. பிளாஸ்மாவின் கண்ணாடி முகப்பில் இரண்டு ஜன்னலும் தெரிந்தன, உம்மாவின் வெள்ளைத் துப்பட்டி தெரிந்தது, வள்ளம் தெரியவில்லை. எல்சிடி பளிச்சென்று நின்றது.

பிளாஸ்மாவின் மற்ற வியாதிகளையும் சொல்லிவிடுகிறேன். உம்மா வருஷக்கணக்காகப் பார்த்த சீரியல் சேனலின் லோகோ வலது மூலையில் தழும்பாக நிரந்தரமாகிவிட்டது. 2016 மே 19, தேர்தல் முடிவு அன்று காலையிலிருந்து ராத்திரி வரை ஓடிய கட்சிவாரிப் பெட்டி, இரண்டு நாள் கழித்துத்தான் மறைந்தது. சத்தத்தைக் குறைத்தால் ரீங்காரம் கேட்கும். கத்திரி வெயிலில் பக்கத்தில் உட்கார முடியாது. மீட்டர் வைத்துப் பார்த்ததில் சராசரி 200 வாட், எல்சிடி 80. தினம் நாலு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 30 யூனிட் கூடும். இலவச யூனிட்டுக்குள் நிற்கப் பார்க்கும் வீட்டில் இது சண்டைக்கான விஷயம்.

ஸ்பேர்தான் பெரிய தலைவலி. பானசோனிக் 2013 கடைசியில் பிளாஸ்மா பேனல் தயாரிப்பை நிறுத்தியது, சாம்சங்கும் எல்ஜியும் 2014இல். உப்புக் காற்றில் என் டிவியின் ஒரு சர்க்யூட் போர்டில் ஏற்கெனவே பச்சை பிடித்திருக்கிறது. "செத்த செட்டு ஏதாவது கிடைச்சா கொண்டாங்க, அதுலேர்ந்து எடுத்துப் போடலாம்" என்கிறார் மெக்கானிக்.

தம்பி மறுபடி வந்தபோது, "உங்க வீட்டு ஹாலுக்கு வெளிச்சம் எப்படி?" என்று கேட்டேன்.

"கிழக்கு வாசல் காக்கா. காலையில லைட்டே போட வேணாம். வாப்பா நாள் முழுக்க நியூஸ்தான் பார்ப்பாங்க."

"அப்ப உனக்கு அது வேணாம்ப்பா. கூடக் கொஞ்சம் போட்டுப் புது எல்சிடியே வாங்கிக்க."

அவன் சரி என்று கிளம்பினான். வாசலில் நிறுத்தி அந்த ராமநாதபுரத்துக்காரர் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டேன். செட்டு என்னுடைய மாடல்தானா என்று கேட்க வேண்டும், போர்டுக்கு ஆகும்.