வியாழக்கிழமை ஆராதனை

2021 செப்டம்பரில் துபாயிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். தென்காசி மாவட்டம் ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம், சி.எஸ்.ஐ. கிறிஸ்தவ சபை. வழக்கமான விமானங்கள் கொரோனாவால் 2020 மார்ச்சிலேயே நின்றுபோய், இரு நாடுகள் பேசி விட்ட ‘ஏர் பபிள்’ விமானங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை, ஏர் சுவிதா பயணப் படிவம் என்று அலைந்த கதையை எல்லோரும் எழுதியாயிற்று. ஊரில் ஆராதனை எப்படி நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கொரோனா இரண்டாம் அலைக்காகத் தமிழ்நாட்டில் ஏப்ரல் கடைசியில் மூடிய வழிபாட்டுத் தலங்களை ஜூலை 5-ஆம் தேதி திறந்தார்கள். ஆகஸ்டில் மறுபடி ஒரு கட்டுப்பாடு வந்தது: வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மக்களுக்கு அனுமதி இல்லை. எல்லா மதத்துக்கும் ஒரே உத்தரவுதான். கூட்டம் சேரும் நாளை மூடினால் தொற்று பரவாது என்பது கணக்கு. ஆனால் அம்மன் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை போய்க்கொள்ளலாம். ஞாயிறு போனால் எங்களுக்கு என்ன மிச்சம்? வெள்ளிக்கிழமை தொழுகையை இழந்தவர்களுக்கும் அதே கதி. வேளாங்கண்ணித் திருவிழா அந்த வருஷமும் பக்தர்கள் இல்லாமலே நடந்தது. வருஷா வருஷம் போகிற எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கொடியேற்றத்தை டி.வி.யில் பார்த்ததாகச் சொன்னார்.

எங்கள் ஐயர், அதாவது சபைப் போதகர், ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஞாயிறு காலையில் அவரும் கீபோர்டு வாசிக்கிற பையனும் மட்டும் நின்று யூடியூபில் ஆராதனை. சபையார் கூடி வரும் ஆராதனை வியாழன் மாலை ஆறு மணிக்கு. வளைகுடாவில் வெள்ளிக்கிழமையே கோயிலுக்குப் போய்ப் பழகிய எனக்குக் கிழமை மாறியது பெரிதாகத் தெரியவில்லை. ஊர்க்காரர்களுக்குத்தான் ஒட்டவே இல்லை. “வியாழக்கிழமை வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டுப் போனா, யாரு வீட்டுல துட்டின்னு கேக்காவ” என்றாள் அத்தை. துட்டி என்றால் எங்கள் பக்கம் சாவு.

வாசலில் கோயில் வேலை பார்க்கிற கோயில்குட்டியார் நெற்றியில் காய்ச்சல் பார்த்து, கையில் சானிடைசர் ஊற்றினார். உள்ளே பாய் விரிக்கவில்லை. தரையில் சுண்ணாம்பு வட்டம். காணிக்கைப் பை சுற்றி வராது; வாசலில் பெட்டி, அதன் மேலே ஜிபே அட்டை. அதைத் துபாய்க்காரன் கண்ணில் படும்படி சரியாகத்தான் வைத்திருந்தார்கள். பாடகர் குழு இல்லை. 2020 ஜூனில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறையிலேயே கூட்டுப் பாடல் வேண்டாம், பதிவு செய்த இசை போதும் என்று இருந்தது. ஆனாலும் கீர்த்தனை தொடங்கியதும் மாஸ்க்குக்குள்ளேயே எல்லோரும் பாடினார்கள். ஐயரும் தடுக்கவில்லை. திருவிருந்தில் பொதுப் பாத்திரம் கிடையாது. அப்பத்தைத் திராட்சை ரசத்தில் தோய்த்து உள்ளங்கையில் வைத்தார்.

வந்திருந்தவர்களைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதே நெறிமுறை 65 வயதுக்கு மேற்பட்டவர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தது. எங்கள் கோயிலில் உட்கார்ந்திருந்தவர்களோ பெரும்பாலும் அவர்கள்தான்: ஓய்வுபெற்ற வாத்தியார்கள், டீச்சர்கள், மருமகள் சமைத்துவைக்கிற வீட்டுப் பாட்டிகள். பீடி சுற்றுகிற பெண்கள் வரவில்லை. மறுநாள் கடையில் எண்ணிக் கொடுக்க வேண்டிய பீடிக்கு வியாழன் மாலையில்தான் நூல் கட்டி முடிப்பார்கள். நூறு நாள் வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு அந்த நேரத்தில் தண்ணீர் பிடிக்கவும் உலை வைக்கவுமே சரியாக இருந்தது. யாரைக் காப்பாற்ற நாளை மாற்றினார்களோ, அவர்களே வந்து உட்கார்ந்தார்கள். வரக்கூடிய வயதில் இருந்தவர்களுக்கு நேரம் இல்லை. யூடியூப் இருக்கிறதே என்பீர்கள். வீட்டில் இருக்கும் ஒரே போனைப் பையன் ஆன்லைன் வகுப்புக்கென்று வைத்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருப்பான். அந்த நேரலையை அதிகம் பார்த்தது மஸ்கட், தோஹா, சென்னையில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள்தான் என்று கீபோர்டு தம்பியே சொன்னான்.

ஒன்றில் மட்டும் வியாழக்கிழமை உதவியது. மே மாதத்தில் இறந்தவர்களின் அடக்கத்துக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றிருந்தது. மகன்கள்கூட ஊர் வந்து சேர முடியாமல் போன வீடுகள் உண்டு. அந்த வீட்டுக்காரர்கள் வாரம் ஒரு குடும்பமாக வந்து நினைவு ஸ்தோத்திரம் ஏறெடுத்தார்கள். ஞாயிறாக இருந்தால் அறிவிப்புகளுக்கு நடுவில் பெயரை வாசித்துவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே ஐயர் அவசரப்படவில்லை. இறந்தவரைப் பற்றிப் பேச யாருக்கும் தடை இல்லை. அழுதார்கள், சிரிக்கவும் செய்தார்கள்.

அக்டோபர் முதல் வாரத்தில் பா.ஜ.க.வினர் கோயில்களை எல்லா நாளும் திறக்கச் சொல்லிப் போராடினார்கள். அக்டோபர் 14 முதல் தடை நீங்கியது. 17-ஆம் தேதி ஞாயிறு, காலை ஆராதனைக்கு வட்டம் போதாமல் வராந்தாவிலும் நின்றார்கள். பீடிக்காரப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் கமிட்டிக்காரர்களிடம், மாதம் ஒருமுறையாவது வியாழன் ஆராதனையை வைத்துக்கொள்ளலாமே என்றேன். ஞாயிறும் கடைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஊரில் நிறைய. “நீங்க சொல்லிட்டு பிளைட் ஏறிருவிய, கோயில்குட்டியாருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுக்கது யாரு?” என்றார் ஒருவர். ஜிபே அட்டை அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.