ஜே-1 முடித்த டாக்டருக்கு எது: கான்ராட் 30-ஆ, ஓ-1-ஆ?

அமெரிக்காவில் ஜே-1 எனும் பயிற்சி விசாவில் ரெசிடென்சி (மருத்துவமனைப் பயிற்சி) முடித்தவர் 2 ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். சிக்கல் இந்த நிபந்தனைதான். அங்கேயே வேலை செய்ய இரு வழி: மாநிலம் மூலம் விலக்கு தரும் கான்ராட் 30 திட்டம், அல்லது அசாதாரணத் திறன் உள்ளவர்களுக்கான ஓ-1 விசா.

நிபந்தனை
கான்ராட் 30: விலக்கு கிடைக்கும். மருத்துவர் பற்றாக்குறைப் பகுதியில், எச்-1பி வேலை விசாவில், வாரம் 40 மணி நேரம், 3 ஆண்டு வேலை. தகுந்த காரணமில்லாமல் பாதியில் விட்டால் நிபந்தனை மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும்.
ஓ-1: நிபந்தனை நீங்காது. கிரீன் கார்டுக்கும் (நிரந்தரக் குடியுரிமை அட்டை) எச்-1பி-க்கும் அது குறுக்கே நிற்கும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கிடைப்பது
கான்ராட்: மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடம். நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்கும். போட்டியுள்ள மாநிலங்களில் இடம் சீக்கிரம் தீரும். அதற்குள் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்தாகியிருக்க வேண்டும்.
ஓ-1: எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரை, விருது, பிறர் ஆய்வை மதிப்பிட்டது என 8 அளவுகோலில் 3-க்குச் சான்று வேண்டும். உள்நாட்டிலேயே விசா மாற முடியாது; வெளியே போய்த் தூதரகத்தில் வாங்கித்தான் திரும்ப வேண்டும்.

துணைவர்
எச்-4 (எச்-1பி-காரரின் துணைவர் விசா): டாக்டரின் ஐ-140 எனும் கிரீன் கார்டு மனு ஒப்புதலானபின் வேலை அனுமதி கேட்கலாம்.
ஓ-3 (ஓ-1-காரரின் துணைவர் விசா): வேலை செய்யவே முடியாது.

குடும்பத்தோடு அங்கேயே தங்க நினைப்பவருக்குக் கான்ராட். கட்டுரைகள் கைவசம் உள்ள, பெருநகர ஆய்வு மருத்துவமனை அழைக்கும் நிபுணருக்கு ஓ-1; கான்ராட் இடம் தவறியவருக்கும் தகுதி இருந்தால் அதுவே இடைக்கால வழி.