வானத்தை மாற்றித் தருவதாகச் சொல்லும் ஸ்டூடியோக்களிடம் பணம் கட்டும் முன்

பெங்களூரில் திருமணத்திற்கோ அறுபதாம் கல்யாணத்திற்கோ வெளிப்புறப் படங்கள் எடுக்கவிருப்பவர்கள், "வானம் எப்படி இருந்தாலும் கவலை வேண்டாம், எடிட்டிங்கில் மாற்றிவிடலாம்" என்ற உறுதிமொழியை நம்பி முழுப் பணத்தையும் கொடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் குடும்பத்திற்கு நேர்ந்ததை அதற்காகவே எழுதுகிறேன்.

என் பெற்றோரின் சஷ்டியப்த பூர்த்தி ஆகஸ்ட் மாதத்தில் நடந்தது. சடங்குகள் முடிந்தபின் அல்சூர் ஏரிக்கரையில் குடும்பப் படங்கள் எடுத்தோம். தென்மேற்குப் பருவமழைக் காலத்து வானம் முழுவதும் வெளுத்துக் கிடந்தது. ஒவ்வொரு படத்திற்கும் தனியாக, கையால் மாஸ்க் (மாற்ற வேண்டிய பகுதியை மட்டும் பிரித்துக் காட்டும் மறைப்பு) போட்டு நீல வானம் வைத்துத் தருவதாக ஸ்டூடியோக்காரர் சொன்னார். அதற்கென்று கூடுதல் கட்டணம் வாங்கி, ரசீதிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

ஆல்பம் வந்தபோது எல்லாப் படங்களிலும் ஆரஞ்சு நிற அந்தி வானம் இருந்தது. ஏரியை நோக்கி எடுத்த படத்திலும், அதற்கு நேர் எதிர்த்திசையில் சாலையை நோக்கி எடுத்த படத்திலும் ஒரே மேகம், ஒரே இடத்தில். வானம் சிவந்திருக்க, அதைப் பிரதிபலிக்க வேண்டிய ஏரித் தண்ணீரோ பழைய சாம்பல் நிறத்திலேயே இருந்தது. தூங்குமூஞ்சி மரத்தின் இலை இடுக்குகளில் பழைய வெள்ளை வானம் திட்டுத் திட்டாக நின்றது. கிளைகளின் ஓரமெல்லாம் வெளிறிய கோடு. என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாதது, அம்மாவின் தலையில் இருந்த பூ. அன்று விடியற்காலையில் கே.ஆர். மார்க்கெட்டில் வாங்கி வந்த மல்லிகைச் சரத்தின் மேல்விளிம்பு வெள்ளை வானத்தோடு ஒன்றியிருந்ததால், மென்பொருள் அதையும் வானம் என்றே எடுத்துக்கொண்டுவிட்டது. எலி கடித்தது போல் சரத்தில் ஒரு பள்ளம் விழுந்து, அதற்குள் ஆரஞ்சு நிறம் தெரிகிறது.

இது எப்படி நேர்கிறது என்பதைப் பணம் கொடுப்பவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வானத்தைத் தானாகவே கண்டறிந்து மாற்றும் வசதி, அடோபி போட்டோஷாப்பில் 2020 அக்டோபர் பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அது வேலையின் தொடக்கம் மட்டுமே. புதிய வானம் பழைய படத்தின் மேல் ஒரு தனி அடுக்காக, அதாவது லேயராக, வைக்கப்படுகிறது. அதன் மாஸ்க்கில் வெள்ளை இருக்கும் இடத்தில் அந்த லேயர் தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் மறையும், சாம்பல் இருந்தால் பாதி தெரியும். இலைகளும் முடிக்கற்றைகளும் இருக்கும் இடங்களில், நீலச் சேனலின் (படத்தில் உள்ள நீல ஒளியின் அளவை மட்டும் கறுப்பு வெள்ளையாகக் காட்டும் பகுதியின்) நகல் ஒன்றை எடுத்து, வெளிர்வானமும் கருமையான இலைகளும் நன்கு பிரியும்வரை அதன் மாறுபாட்டைக் கூட்டி, அதையே மாஸ்க்காக்கிக்கொள்வது அனுபவம் உள்ளவர்கள் செய்யும் முறை. ஆனால் வெள்ளை வானத்தின் முன் வெள்ளைப் பூ இருந்தால் எந்தச் சேனலிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. படத்தைப் பெரிதாக்கி, இதழ் இதழாகப் பிரஷ்ஷால் வரைந்துதான் காப்பாற்ற வேண்டும். கையால் செய்யும் வேலைக்கு நாம் கூடுதலாகக் கொடுப்பது இதற்குத்தான். தண்ணீர் இருந்தால் புதிய வானத்தைத் தலைகீழாகத் திருப்பி, மங்கலாக்கி, நீர்ப்பரப்பின் மீது மட்டும் படியவைக்க வேண்டும். முகத்தில் நிழலே விழாத மேகமூட்ட வெளிச்சத்தில் எடுத்த படத்திற்கு அந்தி வானம் எவ்வளவு திறமையாக வைத்தாலும் பொருந்தாது. மெல்லிய மேகங்கள் உள்ள இளநீல வானமே ஓரளவு இசையும்.

இவற்றைச் சுட்டிக்காட்டியபோது, "இவ்வளவு பெரிதாக்கி யாரும் பார்ப்பதில்லை" என்று பதில் வந்தது. லேயர்கள் பிரிந்திருக்கும் பிஎஸ்டி கோப்பைக் கேட்டேன், இல்லை என்றார்கள். மூலப் படங்களையாவது கேட்டேன். மெமரி கார்டை அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். எங்களிடம் மிஞ்சியவை எல்லா லேயர்களும் ஒன்றாகிவிட்ட ஜேபெக் கோப்புகள் மட்டுமே. அவற்றில் பழைய வானமும் இல்லை, அழிந்த மல்லிகையும் இல்லை. வேறொரு படத்திலிருந்து பூவை வெட்டி ஒட்டலாமே தவிர, அன்று இருந்த பூவை மீட்க முடியாது.

ஆகவே, கட்டணம் பேசும்போதே மரமும் முடியும் உள்ள ஒரு படத்தை மாதிரிக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள். அதைக் கைப்பேசித் திரையில் பார்த்துத் தலையாட்டிவிடாமல், கணினியில் நூறு சதவீத அளவில் வைத்து விளிம்புகளைப் பாருங்கள். மூலப் படங்களும் லேயர் உள்ள கோப்புகளும் கைக்கு வந்தபிறகே மீதித் தொகை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்திற்கு முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே. மூலப் படங்களைக் கேட்பதற்கு யாரும் தயங்க வேண்டியதில்லை.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீர்வு கிடைக்காவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்திற்குச் செல்லவிருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் அங்கே புகார்க் கட்டணம் கிடையாது. 'கையால் மாஸ்க்' என்று எழுதிய ரசீதையும், கார்டை அழித்துவிட்டதாக அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும், பூ அறுபட்ட படத்தின் பெரிதாக்கிய அச்சுப் பிரதியையும் அதற்காக எடுத்து வைத்திருக்கிறேன்.