தோள்மூட்டு வலிக்கு ஹட்டனில் ஓர் இயன்மருத்துவ நிலையம்

ஹட்டன் நகரிலுள்ள ஒரு தனியார் இயன்மருத்துவ (பிசியோதெரபி) நிலையத்தில் என் அம்மாவின் வலது தோளுக்குச் சிகிச்சை பெற்று வருகிறோம். தோள்வலியோடு கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் நம் தோட்டங்களில் ஏராளம் என்பதால், அங்கு கண்டதை விரிவாக எழுதுகிறேன்.

இந்த நிலையத்தின் பெருஞ்சிறப்பு அவர்கள் பரிசோதிக்கும் முறைதான். முதலில் அம்மாவையே கையைப் பக்கவாட்டில் உயர்த்தச் சொன்னார்கள். தொடக்கத்தில் வலியின்றி எழுந்த கை, தோள் மட்டத்தை நெருங்கியதும் நடுங்கி நின்றுவிட்டது. பிறகு அம்மா கையைத் தளர்த்திக்கொள்ள, இயன்மருத்துவர் முழங்கையைத் தாங்கி மெதுவாக உயர்த்தியபோது அதே கை காதோரம் வரை போனது. "மூட்டு இறுகல அம்மா, தசைநார்லதான் பிரச்சினை" என்றார்.

அதன் பொருளை எலும்பு மாதிரியொன்றை வைத்து விளக்கினார். மேற்கை எலும்பின் உருண்டையான தலை, தோள்பட்டை எலும்பில் தேநீர்க் கோப்பையின் கீழ்த்தட்டைப் போன்ற ஆழமற்ற குழியில் பொருந்தியிருக்கிறது. உடலில் மிக அதிகமாக அசையக்கூடிய மூட்டு இது. எளிதில் விலகக்கூடியதும் இதுவே. அந்தத் தலையைக் குழியில் பிடித்து நிறுத்துவதில் சுழல்தசைகள் எனப்படும் 4 தசைகளுக்குப் பெரும் பங்குண்டு. அவற்றில் மேலே உள்ளதன் தசைநார், தோள்முனை எலும்புக்குக் கீழே குறுகிய இடைவெளியில் செல்வதால், அது நைந்து நோகும்போது கையை ஏறத்தாழ 60 பாகை முதல் 120 பாகை வரை உயர்த்துகையில் வலி கூடுகிறது. உறைந்த தோள் என்பது வேறு. அதில் மூட்டைச் சுற்றிய உறை தடித்துச் சுருங்கிவிடுவதால், பிறர் தூக்கினாலும் கை எழாது. 40 முதல் 60 வயதுக்குட்பட்டோரிடமும், நீரிழிவு உள்ளவர்களிடமும் இது அதிகம். இரண்டையும் பிரித்தறியாமல் தைலம் தேய்த்துக் கையை இழுத்துவிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருப்பது எனக்குப் பெரும் கவலை தருகிறது.

சிகிச்சையின் பெரும்பகுதி உடற்பயிற்சிதான். முழங்கைக்கும் விலாவுக்கும் இடையே சுருட்டிய துவாயொன்றை வைத்து, இறப்பர்ப் பட்டியை வெளிப்புறமாக இழுக்கும் பயிற்சியை லயத்து வீட்டிலேயே கதவுக் கொண்டியில் கட்டிச் செய்ய முடிகிறது. வலிக்கும் பக்கமாகப் படுக்காமல், கைக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கச் சொன்னதும் அம்மாவுக்கு நல்ல பலன் தந்தது. வெப்ப விளக்குக்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள்; குளிருக்கு அது இதமாக இருந்தாலும், கையிருப்புக் குறைந்தவர்கள் அதைத் தவிர்த்துப் பயிற்சியை மட்டும் தொடர்ந்தால் போதும் என்பது என் கருத்து.

குறைகளும் உண்டு. நிலையம் மேல்மாடியில் இருப்பதால் முழங்கால் வலியுள்ளவர்கள் சிரமப்படுகிறார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பயிற்சித் தாள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்களாக இருக்கும் இடத்தில் இதை உடனே திருத்த வேண்டும்.

மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து தோள் விலகியவர்களோ, காறை எலும்பு முறிந்தவர்களோ முதலில் இங்கு வர வேண்டாம். கையை அசையாமல் துணியால் கழுத்தில் தொங்கவிட்டு, எக்ஸ்ரே வசதியுள்ள அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விலகிய மூட்டை வீட்டில் இழுத்துப் பொருத்த முயன்றால் நரம்பும் இரத்தக்குழாயும் சேதமடையலாம். வைத்தியர் அனுமதித்த பிறகு, அவர் எழுதித் தந்த துண்டுச்சீட்டையும் எக்ஸ்ரே படத்தையும் எடுத்துக்கொண்டு இங்கு வரலாம்.