வீட்டுச் சர்வருக்கு எந்த டி.வி.? டைசன், வெப் ஓ.எஸ்., கூகுள் டி.வி.: ஓர் ஒப்பீட்டு அலசல்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கடைக்குப் போய் ஸ்மார்ட் டி.வி. கேட்டால், விற்பனையாளர் முதலில் ரிமோட்டை எடுத்து நெட்ஃபிளிக்ஸ் பொத்தானையும் யூடியூப் பொத்தானையும்தான் காட்டுவார். வீட்டு மூலையில் இரவும் பகலும் ஓடும் சிறு கணினியில், அதாவது சர்வரில், தம் படங்களையும் குடும்ப வீடியோக்களையும் சேர்த்து வைத்திருப்பவருக்கு அந்தப் பொத்தான்களால் பெரிய பயன் இல்லை. அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: என் கோப்பை இந்த டி.வி. உள்ளது உள்ளபடி ஓட்டுமா, அல்லது ஒவ்வொரு முறையும் சர்வர் அதை மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்குமா?

தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுச் சர்வரில் ஜெல்லிஃபின் ஓடுகிறது; சேர்த்து வைத்த வீடியோக்களை டி.வி.க்கு அனுப்பும் மென்பொருள் அது. அதில் இருப்பவை ஒரே இனம் அல்ல. காசு கொடுத்து வாங்கிய புளூ-ரே டிஸ்குகளின் பிரதிகள், தமிழும் மலையாளமும் கலந்த படங்கள் (எல்லை மாவட்டத்து வீடுகளில் இவ்விரண்டையும் தனித்தனி அலமாரியில் வைக்கும் வழக்கம் இல்லை), டிவிடியில் வந்த பழைய கல்யாண வீடியோக்கள், சித்தப்பா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த கேம்கார்டரில் பிடித்த ஊர்த் திருவிழாக்கள், இப்போது ஃபோனில் எடுப்பவை என்று எல்லாம் உண்டு. வீடியோவைச் சுருக்கிய வடிவங்களும் வெவ்வேறு: டிவிடி எம்பெக்-2 வடிவில் இருக்கும், கேம்கார்டர் ஹெச்.264-ஐ இன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒரு வரியாகப் பதியும்) முறையில் பதிந்திருக்கும்; 4கே டிஸ்குகளும் புதிய ஃபோன்களும் ஹெச்.இ.வி.சி.யைப் பயன்படுத்துகின்றன. வீடியோ, ஒலி, சப்டைட்டில் ஆகிய மூன்றில் ஒன்றை டி.வி. ஏற்காவிட்டாலும் சர்வர் குறுக்கே வந்து மாற்றித் தர வேண்டும். இதைத்தான் டிரான்ஸ்கோடிங் என்கிறார்கள்.

ஆனால் எல்லா மாற்றமும் ஒரே பளு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஒலியை மட்டும் மாற்றுவது சிறு கணினிக்கும் எளிது. வீடியோவை அப்படியே கடத்திவிட்டு ஒலியை மட்டும் வேறு வடிவில் கொடுத்தால் போதும். டிஸ்கிலிருந்து வந்த, எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கும் பி.ஜி.எஸ். சப்டைட்டிலைக் காட்ட டி.வி. ஆப்புக்குத் தெரியாவிட்டால், சர்வர் அதைப் படத்தின் மேலேயே பதித்து முழு வீடியோவையும் புதிதாக உருவாக்க வேண்டும். 4கே படமானால் அது கடினமான வேலை. இன்டெல் என்100 சிப் உள்ள மினி பி.சி. இதைச் சமாளித்துவிடும். ராஸ்பெரி பை 5-இல் ஹெச்.264 வீடியோவை உருவாக்கும் வன்பொருளே கிடையாது என்பதால், அதைச் சர்வராக வைத்திருப்பவர்கள் டி.வி.யைத் தேர்ந்தெடுப்பதில் இரட்டிப்புக் கவனம் காட்ட வேண்டும்.

சாம்சங்கின் டைசன் இயங்குதளத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் கடையில் படத்தைப் பார்த்து மயங்கி வாங்குவோர் அதிகம். படம் உண்மையிலேயே நன்றாக இருக்கும். சர்வர் வைத்திருப்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் குறைகள் மூன்று. டிஸ்குகளில் பரவலாகக் காணப்படும் டி.டி.எஸ். ஒலியை அந்த நிறுவனம் 2018 மாடல்களிலிருந்து கைவிட்டது. ஒளியையும் வண்ணத்தையும் காட்சிக்கேற்ப மேம்படுத்தும் டால்பி விஷனை ஏற்பதில்லை. அதற்குப் பதிலாக அதே வகையைச் சேர்ந்த ஹெச்.டி.ஆர்.10 பிளஸ் தருகிறது. ஜெல்லிஃபின் ஆப் நெடுங்காலம் அதன் ஆப் கடையில் கிடைக்காமல், கணினியை இணைத்து டெவலப்பர் முறையில் ஏற்ற வேண்டியதாகவே இருந்தது. முதற்குறை மேலே சொன்னபடி சர்வருக்குச் சிறு வேலைதான். ஜெல்லிஃபினைப் போன்ற இன்னொரு மென்பொருளான பிளெக்ஸைப் பயன்படுத்துவோருக்கு மூன்றாவது குறை இல்லவே இல்லை. ஆயினும் ஜெல்லிஃபின் வைத்திருப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிளெக்ஸா ஜெல்லிஃபினா என்பது தனி வழக்கு. இங்கே தேவையானதை மட்டும் சொல்லலாம். வீட்டுக்குள்ளேயே பார்ப்பதற்குப் பிளெக்ஸ் கட்டணம் கேட்பதில்லை, ஆனால் வெளியூரிலிருந்து சொந்தச் சர்வரைப் பார்ப்பதை 2025 ஏப்ரல் இறுதியில் கட்டணச் சேவையாக்கிவிட்டது. எம்பி (Emby) என்ற இதே வகை மென்பொருளிலிருந்து 2018 டிசம்பரில் பிரிந்து வளர்ந்த ஜெல்லிஃபின் முழுக்க இலவசம். துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கும் மகன் வீட்டுச் சர்வரைத் திறந்து ஊர்க்கொடை வீடியோ பார்க்க வேண்டும் என்ற நிலை இந்த மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பதை நினைத்தால், ஆப் கடையில் ஜெல்லிஃபின் இருக்கிறதா என்ற கேள்வி ஏன் முக்கியம் என்பது விளங்கும்.

எல்.ஜி.யின் வெப் ஓ.எஸ். இந்த இடத்தில் ஒரு படி மேல். ஜெல்லிஃபின், பிளெக்ஸ் இரண்டும் அதன் கடையிலேயே கிடைக்கின்றன, ஓ.எல்.இ.டி. மாடல்களில் டால்பி விஷன் உண்டு. டி.டி.எஸ். விஷயத்தில்தான் அந்த நிறுவனம் ஒரு நிலையில் நிற்கவில்லை: 2020 மாடல்களில் நீக்கியது, 2023 மாடல்கள் சிலவற்றில் திரும்பக் கொடுத்தது. எனவே பெயரை நம்பாமல், வாங்கும் மாடல் எந்த ஆண்டுடையது என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இதன் ஜெல்லிஃபின் ஆப் உள்ளுக்குள் ஓர் இணையப் பக்கம்தான், அதனால் டி.வி.யின் சொந்த டிகோடருக்கு (சுருக்கிய கோப்பை விரித்துப் படமும் ஒலியுமாக்கும் பகுதி) தெரியாத எதையும் அந்த ஆப்பால் ஓட்ட இயலாது.

கூகுள் டி.வி. வேறுபடுவது இந்த ஒரு புள்ளியில்தான், என் தீர்ப்பும் இதன் மேல்தான் நிற்கிறது. சோனி, டி.சி.எல்., ஷாவ்மி முதலிய நிறுவனங்களின் டி.வி.களில் வரும் இந்தத் தளத்தில் ஆப்புகள் தம் டிகோடரைத் தாமே சுமந்து வரலாம். ஜெல்லிஃபினும், கோடி (Kodi), வி.எல்.சி. என்ற வீடியோ பிளேயர் ஆப்புகளும் அப்படித்தான் செய்கின்றன, ஆகவே டி.வி. நிறுவனம் டி.டி.எஸ். உரிமம் வாங்காவிட்டாலும் ஆப்பே அந்த ஒலியைப் பிரித்துக் கொடுத்துவிடும். பி.ஜி.எஸ். சப்டைட்டிலையும் சர்வரைத் தொந்தரவு செய்யாமல் காட்டிவிடும். குறை என்றால், விலை குறைந்த மாடல்களில் 1 ஜி.பி. அல்லது 1.5 ஜி.பி. ராம் மட்டுமே வைத்து விற்கிறார்கள். நூற்றுக்கணக்கான போஸ்டர்கள் உள்ள நூலகத்தைத் திறந்தால் அவை நொண்டுகின்றன. 2 ஜி.பி.க்குக் கீழே இறங்க வேண்டாம். முகப்பில் வரும் விளம்பரங்களும் எரிச்சல் தருபவைதான்.

அமேசானின் ஃபயர் டி.வி. உள்ள டி.வி.களும் கூகுள் டி.வி.யைப் போலவே ஆண்ட்ராய்டின் மேல் கட்டியவையே. ஜெல்லிஃபின் கிடைக்கும், கோடியை மட்டும் வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். அமேசான் 2025-இல் கொண்டுவந்த புதிய வேகா தளம் ஆண்ட்ராய்டு ஆப்புகளை ஏற்காது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

மதிப்புரைகள் பெரும்பாலும் தொடாத ஒன்று தமிழ் சப்டைட்டில். யூனிகோடில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறி மெய்க்குப் பின்னால் பதிவாகிறது. திரையில் அது இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் போய் நிற்க வேண்டும். இதைச் செய்யத் தெரியாத பிளேயரில் கொம்பும் காலும் சேர்ந்து எழுத்துக்குப் பின்னால் குவியும். எங்கள் பழைய டி.வி.யில் உள்ளமைந்த, வீட்டு வலையமைப்பிலுள்ள கோப்புகளை ஓட்டும் டி.எல்.என்.ஏ. பிளேயர் ஒரு மலையாளப் படத்தின் தமிழ் சப்டைட்டிலை வரிசையாகக் கட்டங்களாகவே காட்டியது. கூகுள் டி.வி. ஆப்புகளிலும் வெப் ஓ.எஸ். ஆப்பிலும் எழுத்துகள் ஒழுங்காக அமைகின்றன, சப்டைட்டில் கோப்பு யு.டி.எஃப்-8 (யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் முறை) ஆக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜெல்லிஃபினில் ஒவ்வொருவர் கணக்கிலும் விருப்ப மொழியைக் குறித்து வைக்கலாம் என்பதால், இரு மொழி ஒலி உள்ள படம் அம்மாவுக்குத் தமிழிலும் கேரளத்தில் படித்த தங்கைக்கு மலையாளத்திலும் தானாகவே தொடங்குகிறது.

இனி வலையமைப்பு. விலை உயர்ந்த டி.வி.களிலும் லேன் போர்ட் பெரும்பாலும் 100 எம்.பி.பி.எஸ். வேகமுடையதுதான். 4கே டிஸ்கின் உச்ச வேகம் 128 எம்.பி.பி.எஸ். வரை போகலாம் என்பதால், சுருக்காத பிரதி அதிரடிக் காட்சியில் திக்கும். சாதாரணப் புளூ-ரேயின் உச்சம் 54 எம்.பி.பி.எஸ்.; அதற்குக் கம்பி தாராளம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கம்பியை மிஞ்சும், ஆனால் எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் தடித்த வெட்டுக்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் அதன் வேகம் பாதாளத்துக்குப் போய்விடும். பல கூகுள் டி.வி. மாடல்களில் யு.எஸ்.பி.யில் ஒரு கிகாபிட் லேன் அடாப்டரைச் செருகி இந்தச் சிக்கலை முடித்துக்கொள்ள முடியும்.

கம்பி என்றவுடன் இடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரைக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இங்கே இடி கடுமை. இணையச் சேவையின் ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது. மாடியிலிருந்து இறங்கும் செப்பு லேன் கம்பியும் கேபிள் டி.வி. கம்பியும் கடத்தும். ஓர் ஐப்பசி மாலையில் எங்கள் டி.வி.யின் லேன் போர்ட் மட்டும் செத்துப்போனது. படமும் ஒலியும் பழுதின்றி இருந்தன. அந்த டி.வி. இன்று மாடியில் ஹெச்.டி.எம்.ஐ.யில் செருகிய ஒரு சிறு பெட்டியுடன் ஓடுகிறது. தனிப் பெட்டி என்ற இந்த நான்காவது வழியை, திரை நன்றாக உள்ள டி.வி. ஏற்கெனவே வைத்திருப்பவர்களும் சாம்சங் திரைதான் வேண்டும் என்பவர்களும் தயங்காமல் எடுக்கலாம். ஆப்பிள் டி.வி. 4கே-யின் 128 ஜி.பி. மாடலில் கிகாபிட் லேன் உண்டு; விலைதான் கை சுடும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று போர்ட்டுகளின் ஊசிகளை அரிப்பதால், பழுதானால் டி.வி.யைக் கழற்றாமல் பெட்டியை மட்டும் மாற்றலாம் என்பது அங்கே கூடுதல் வசதி.

புதிதாக வாங்குவோருக்கு என் வரிசை இது: 2 ஜி.பி. ராமாவது உள்ள கூகுள் டி.வி., அடுத்து எல்.ஜி., அதன்பின் சாம்சங்குடன் தனிப் பெட்டி. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.களுக்கும் ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. மிஞ்சும் பணத்தை அளவில் போடாமல் ராமில் போடலாம். கடைக்குப் போகும்போது ஒரு பென் டிரைவில் நான்கு கோப்புகளைக் கொண்டுபோங்கள்: டி.டி.எஸ். ஒலியுள்ள 4கே படம், தமிழ் சப்டைட்டில் உள்ள படம், டிவிடியிலிருந்து எடுத்த கல்யாண வீடியோ, கேம்கார்டர் பதிவு ஒன்று. டிகோடரின் தரம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பென் டிரைவ் வைஃபையைச் சோதிக்காது என்பதால், திருப்பித் தரும் கெடுவைக் கேட்டு ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே சர்வரில் உள்ள மிகப் பெரிய கோப்பை ஓட்டிப் பாருங்கள்.