லினக்ஸிலிருந்து டேப்லெட்டுக்கு ஆவணங்கள்: கேபிளா, வைஃபையா, சிங்க்கா?

லினக்ஸ் கணினியில் இருக்கும் ஆவணங்களை டேப்லெட்டுக்கு எப்படி மாற்றுவது என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: போன ஃபைல் திரும்பி வர வேண்டுமா? படித்து முடித்ததும் அழித்துவிடப் போகிற பிடிஎஃப் என்றால் எந்த வழியும் சரி. அதில் கோடு போட்டு, ஓரத்தில் குறிப்பு எழுதி, அந்தப் பிரதியை மறுபடி கணினியில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் பாதி வழிகள் அடிபட்டுப் போகும். வேகத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் இது கண்ணில் படாது.

முதலில் கைக்கு வருவது யுஎஸ்பி கேபிள். செருகியதும் ஃபைல் மேனேஜரில் டேப்லெட்டின் பெயர் வரும். திறந்தால் காலியாக இருக்கும். பழுது ஒன்றும் இல்லை. ஆண்ட்ராய்டு வழக்கமாக முதலில் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். டேப்லெட்டின் லாக்கை எடுத்து, மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்து, யுஎஸ்பி என்று இருக்கும் வரியைத் தொட்டு, ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்று மாற்றினால்தான் ஃபோல்டர்கள் தெரியும்.

தெரிந்த பிறகும் அது பென்டிரைவ் போல நடந்துகொள்ளாது. பழைய ஆண்ட்ராய்டு கருவிகள் தங்கள் மெமரியை அப்படியே கணினியிடம் ஒப்படைத்துவிடும். அது முடியும்வரை கருவியால் அதைத் தொட முடியாது. 2011-இல் டேப்லெட்டுகளுக்காகவே வந்த ஆண்ட்ராய்டு 3.0 இதை மாற்றி எம்டிபி முறைக்குப் போனது. இதில் கணினி ஒவ்வொரு ஃபைலாகக் கேட்கும், டேப்லெட் எடுத்துக் கொடுக்கும். அதனால்தான் டேப்லெட்டில் இருக்கும் ஃபைலை அங்கேயே வைத்துத் திருத்திச் சேமிப்பது சரிப்படுவதில்லை. சின்னச் சின்ன ஃபைல்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் நத்தை வேகம்தான். போதாததற்கு, ஃபைலின் பழைய தேதி போய், காப்பி செய்த தேதி ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஒருமுறை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிடிஎஃப்கள் இருந்த ஃபோல்டர் பாதியில் நின்றுவிட்டது. எது போனது, எது போகவில்லை என்று உட்கார்ந்து எண்ண வேண்டியிருந்தது.

அதே கேபிளில் ஏடிபி என்று இன்னொரு வழி இருக்கிறது; ஆண்ட்ராய்டு ஆப் உருவாக்குகிறவர்களுக்கான கட்டளைக் கருவி அது. டேப்லெட்டில் டெவலப்பர் ஆப்ஷன்களைத் திறந்து யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்ய வேண்டும்; கணினியில் டெர்மினல் பழகியிருக்க வேண்டும். புஷ் என்று ஒரே கட்டளையில் முழு ஃபோல்டரும் போய்விடும். ஏதாவது போகவில்லை என்றால் அங்கேயே சொல்லும். நின்றுபோன அந்த ஃபோல்டரை இதில்தான் அனுப்பி முடித்தேன். மொத்தமாக ஒருமுறை ஏற்ற வேண்டும் என்றால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. வேலை முடிந்ததும் டீபக்கிங்கை ஆஃப் செய்துவிடுங்கள்.

பென்டிரைவை டேப்லெட்டில் செருகுவதும் நல்ல வழிதான். காப்பி முடிந்ததாக லினக்ஸ் காட்டினாலும் டேட்டா பென்டிரைவில் எழுதப்படாமல் இன்னும் கணினியின் மெமரியிலேயே காத்திருக்கலாம். எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால் ஃபைல் அரைகுறையாகிவிடும். புளூடூத், ஒன்றிரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

வைஃபைக்கு வந்தால் போட்டி லோக்கல்சென்ட், கேடிஇ கனெக்ட் என்ற இரண்டு ஆப்புகளுக்கும் இடையே. லோக்கல்சென்ட்டில் அக்கவுண்ட் தேவையில்லை. இரண்டு பக்கமும் ஆப்பைத் திறந்தால் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். அனுப்பு, ஏற்றுக்கொள், முடிந்தது. ஐபேடிலும் ஓடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் டேப்லெட்டைக் கையில் எடுத்து ஆப்பைத் திறந்தாக வேண்டும். கேடிஇ கனெக்ட்டில் இரண்டு கருவிகளையும் ஒருமுறை ஜோடி சேர்த்துவிட்டால் போதும். பிறகு ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து அனுப்பிவிடலாம். லினக்ஸில் குனோம் டெஸ்க்டாப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதே வேலையை ஜிஎஸ்கனெக்ட் செய்யும். தினமும் இரண்டு மூன்று ஆவணம் அனுப்புகிறவர் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

இரண்டிலும் 'கருவி தெரியவில்லை' என்ற புகார் வருவது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலால். கேடிஇ கனெக்ட்டுக்கு 1714 முதல் 1764 வரையான போர்ட்டுகள் (நெட்வொர்க் வாசல் எண்கள்) டிசிபி, யுடிபி என்ற இரண்டு வகை இணைப்பிலும் திறந்திருக்க வேண்டும்; லோக்கல்சென்ட்டுக்கு 53317. அதைத் திறந்தும் வரவில்லை என்றால் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். அங்கே கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டரே தடுத்திருக்கலாம்.

எந்த வழியில் போனாலும் ஃபைல் பெயரில் ஒரு கண் வையுங்கள். லினக்ஸில் 'கூட்டம் 10:30' என்று பெயர் வைக்கலாம். ஆண்ட்ராய்டின் பொது ஃபோல்டர்களுக்குள் அந்த முக்காற்புள்ளி ஆகாது. பெயரின் நீளமும் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். 'கொ' என்பதில் மெய்க்கு மூன்று, உயிர்க்குறிக்கு மூன்று. ஆங்கிலத்தில் 255 எழுத்துக்கு இருக்கும் இடம் நமக்கு 85 குறிகளோடு தீர்ந்துவிடும்.

இனி, திரும்பி வர வேண்டிய ஃபைல்கள். இதற்கு நான் நம்புவது சிங்க்திங் என்ற மென்பொருள். கணினியில் ஒரு ஃபோல்டர், டேப்லெட்டில் ஒரு ஃபோல்டர். இங்கே வைத்தது அங்கே இருக்கும், அங்கே கோடு போட்டது இங்கே வரும். நடுவில் யாருடைய கிளவுடிலும் நம் ஆவணம் தங்குவதில்லை. பெரிய ஃபைலில் சிறு மாற்றம் என்றால் மாறிய துண்டுகள் மட்டும் போகும். ஆண்ட்ராய்டுக்கான அதிகாரப்பூர்வ ஆப் 2024 கடைசியில் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் பலரும் போனது சிங்க்திங்-ஃபோர்க் என்ற ஆப்புக்கு. அதற்கு பேட்டரி சேமிப்பிலிருந்து விலக்கு கொடுங்கள், இல்லாவிட்டால் திரை அணைந்ததும் ஆண்ட்ராய்டு அதைத் தூங்கவைத்துவிடும். ஐபேடில் பின்னணியில் ஓட இவ்வளவு சுதந்திரம் கிடைக்காது. அங்கே, ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிரும் சாம்பா மென்பொருளைக் கணினியில் வைத்து, ஃபைல்ஸ் ஆப்பிலிருந்து அதைத் திறப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஐபேட்ஓஎஸ் 13-லிருந்து அந்த வசதி இருக்கிறது.

சிங்க்திங்கில் பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. இது பேக்கப் அல்ல. டேப்லெட்டில் இடம் போதவில்லை என்று ஒரு பிடிஎஃபை அழித்தால் கணினியிலும் அழியும். இரண்டு பக்கமும் ஒரே ஃபைலைத் திருத்தியிருந்தால் ஒன்றின் பெயரோடு 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்று ஒட்டி இரண்டையும் வைத்துக்கொள்ளும், அது நல்லது. அழித்ததற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஃபோல்டர் செட்டிங்ஸில் ஃபைல் வெர்ஷனிங் என்று இருப்பதைக் கணினிப் பக்கம் ஆன் செய்யுங்கள். முதலில் அது ஆஃபில்தான் இருக்கும். ஆன் செய்ததும் ஒரு வேண்டாத ஃபைலை டேப்லெட்டில் அழித்துப் பாருங்கள். கணினியில் அதே ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் வெர்ஷன்ஸ் ஃபோல்டரில் அந்தப் பிரதி வந்து கிடந்தால், முக்கியமான ஆவணங்களை அதற்குப் பிறகு உள்ளே வைக்கலாம்.